வெளிநாட்டில் பழகிய உள்ளூர்க்காரர் யாராவது உங்கள் பயணத்துக்குத் துணையாக வந்ததுண்டா?

உண்டு. கம்போடியாவில், சியம் ரீப் நகரத்தில். 2019 பிப்ரவரி. அவர் டுக்டுக் ஓட்டுநர்.

அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு 62 டாலர். தொடர்ந்து போக வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். முதல் நாள் விடுதி வாசலில் நின்ற வண்டியைப் பேசிக்கொண்டு கிளம்பினேன். அங்கே ஓட்டுநர்கள் கோயிலுக்குள் வந்து விளக்கம் சொல்லக் கூடாது, அதற்கு உரிமம் வாங்கிய வழிகாட்டிகள் தனி. அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் சிற்பம் கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். நான் அதைப் பார்த்து முடித்துத் திரும்பும்வரை அவர் வண்டிக்குள்ளேயே தூளி கட்டிப் படுத்திருந்தார். அன்று முழுக்க எங்களுக்குள் பத்து வார்த்தை பேச்சு இருந்திருக்காது.

மறுநாள் பந்தியாய் ஸ்ரீ கோயில். போகிற வழியில் பிரியா டாக் என்ற கிராமம். சாலையோரம் பெரிய சட்டியில் ஏதோ கொதிக்கிறது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் "நிறுத்துங்க" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பதநீர் காய்ச்சுகிறார்கள்! எனக்கு ஊர் திசையன்விளைப் பக்கம், தாத்தா பனையேறி. நான் அடுப்பை விட்டு நகரவில்லை. கோயில் பார்க்க வந்த ஆள் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று ஓட்டுநருக்கு ஆச்சரியம். செல்பேசியில் இருந்த தாத்தாவின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டிக் காட்டினார்: "என் மாமாவும் மரம் ஏறுவார். நாளை வருகிறீர்களா?"

மறுநாள் கோயிலுக்குப் போகவில்லை, அவர் ஊருக்குப் போனோம். நம்மூரில் தளைநார் மாட்டி மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவோம். அங்கே கணுவோடு விட்ட நெட்டை மூங்கிலை மரத்தில் கட்டி வைத்து, ஏணி போல மிதித்து ஏறுகிறார்கள். பாளையில் கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். புளிக்காமலிருக்க நாம் சுண்ணாம்பு தடவுவோம், அவர்கள் மரப்பட்டைத் துண்டு போடுகிறார்கள். காய்ச்சிய பாகை ஓலை வளையங்களில் ஊற்றுகிறார்கள், நம் சிரட்டை அச்சு மாதிரி.

கீழே கிடந்த மட்டையை எடுத்து அதன் கருக்கைத் தடவிக்கொண்டிருந்தேன். தாத்தா கையெல்லாம் அந்தக் கருக்கு கீறிய தழும்புதான். ஓட்டுநர் மெல்ல என் கையிலிருந்து மட்டையை வாங்கிக் கீழே வைத்தார். லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற கெமர் ரூஜ் ஆட்சியில், துப்பாக்கிக் குண்டை மிச்சம் பிடிக்க இந்த மட்டையால் கழுத்தை அறுத்தார்கள் என்று சொன்னார். அவர் பிறந்தது 1979, அந்த ஆட்சி விழுந்த வருஷம். அப்பாவைப் பார்த்ததில்லை. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் என்னை 'பொங்' என்பார், அண்ணன் என்று அர்த்தம். நான் 'தம்பி' என்பேன். அடுத்த நான்கு நாளும் அவர்தான் துணை. காலையில் நும் பன்சொக் கடைக்குக் கூட்டிப்போவார். அரிசி மாவை இடியாப்பம் போலப் பிழிவார்கள், ஆனால் நேரே கொதிக்கிற தண்ணீருக்குள். மேலே எலுமிச்சைப்புல் போட்ட மீன் குழம்பு.

இப்படி யாராவது அமைந்தால் நீங்கள் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அவருக்கு வண்டிதான் சோறு. ஊருக்குப் போன நாளுக்கு அவர் பெட்ரோல் காசு தவிர எதுவும் வாங்க மறுத்துவிட்டார், அது அவர் பிரியம். மற்ற நாளெல்லாம் பேரம் பேசாமல் முழு வாடகையைக் கையில் கொடுத்தேன்.

2023இல் மறுபடி போனேன், இரண்டு கிலோ உடன்குடிக் கருப்பட்டியோடு. தம்பியின் அம்மா ஒரு விள்ளலை வாயில் போட்டு, கண்ணை மூடி, மெதுவாகக் கரைத்தார். பிறகு மகனிடம் ஏதோ கேட்டார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சுண்ணாம்பு போடுவீங்களான்னு கேக்குறாங்க, பொங்."