கைதட்ட வராத ஞாயிறுகள்

கேள்வி: அக்கா, எங்களுக்குச் சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டின தறிக்குடோனில் 6 தறி வைத்துக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். கூலி கட்டவில்லை, கடன் ஏறிவிட்டது. போன வருஷம் தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது இன்னொருவர் குடோனில் ஷிப்டுக்குப் போகிறேன். பையன் பத்தாவது படிக்கிறான். சபையில், "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தைத்தான் எல்லோரும் எனக்குச் சொல்கிறார்கள். பாட்டு வரும்போது எனக்குக் கைதட்ட வருவதில்லை. "விசுவாசம் இருந்தா முகத்துல தெரியுமே" என்று ஒருவர் கேட்டேவிட்டார். ராத்திரி தூக்கம் இல்லாமல் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிடவும் பயமாக இருக்கிறது. என் விசுவாசம் போய்விட்டதா?
- பெயர் வேண்டாம், சோமனூர்

பதில்: அம்மணி, முதலில் மாத்திரையைச் சாப்பிடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுப்படி, அவரைக் கேட்காமல் நிறுத்தாமல். மற்றதை அப்புறம் பேசலாம்.

எலியா தீர்க்கதரிசியை உங்களுக்குத் தெரியும். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றவர் அவர். அவருக்கு அங்கே பிரசங்கம் நடக்கவில்லை. தேவன் தூங்க விட்டார். ஒரு தேவதூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாவது தடவையும் தூதன் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். உடம்புக்குத் தூக்கமும் சாப்பாடும் வேண்டும் என்பது தேவனுக்குத் தெரியும். நடுராத்திரியில் மனசு தாங்காமல் போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன். அதைத் தனியாகப் பிய்த்து எடுத்துச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். அது அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தில் வருவது, மொத்தம் நாலே அதிகாரம். இன்று ராத்திரி ஒரே மூச்சில் படித்துவிடலாம். அவர் அதை எழுதியது காவலில் இருந்தபோது. அந்தக் காலத்துக் காவலில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் வெளியே இருந்து யாராவது பார்த்துக்கொண்டால்தான் உண்டு. அந்தப் பிலிப்பி சபை யார் வீட்டில் ஆரம்பித்தது தெரியுமா? லீதியாள் என்று ஒரு பெண். இரத்தாம்பரம் விற்கிறவள், அதாவது துணி வியாபாரி. உங்கள் ஊரில் இருந்திருந்தால் நூல் விலையையும் கூலியையும் பற்றித்தான் உங்களோடு பேசியிருப்பாள். அவளைப் போன்றவர்களுக்கு எழுதிய கடிதம்தான் அது.

அந்தச் சந்தோஷக் கடிதத்துக்குள்ளேயே அழுகையும் இருக்கிறது. மூன்றாவது அதிகாரத்தில், "கண்ணீரோடும் சொல்லுகிறேன்" என்கிறார். இரண்டாவதில் எப்பாப்பிரோதீத்து வருகிறார். பிலிப்பி சபை கொடுத்தனுப்பிய உதவியைச் சுமந்துகொண்டு போய், அங்கே நோயில் விழுந்து சாகக் கிடந்தவர். அவர் பிழைத்ததைப் பற்றிப் பவுல் எழுதும்போது, தமக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். ஆக அவருக்கு ஏற்கெனவே ஒரு துக்கம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிற இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அவர் முகத்தில் அன்று என்ன தெரிந்திருக்கும் என்று உங்களிடம் கேட்டவரும் கொஞ்சம் யோசிக்கலாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அது சரியில்லை.

என் கதையையும் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டு, மூன்று வருஷம் வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்கு ஈரோடு வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தோம். ஒரு கார்த்திகை மாதம் போய்விட்டார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மத்தியானம் எதிர்வீட்டு ஆத்தா வந்தார். அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். கையில் ஒரு தூக்குப்போசி. அதில் அரிசியும்பருப்புஞ்சோறு, நடுவில் குழி பண்ணி நெய் விட்டு, ஓரத்தில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு வாய் தின்னு கண்ணு" என்றார். நான் தின்று முடிக்கும்வரை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அப்புறம் போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சோற்றின் சூடு தொண்டையில் இறங்கியபோது, என்னைக் கைவிடவில்லை என்று தெரிந்தது. அழுதுகொண்டேதான் தின்றேன். அதற்குச் சந்தோஷம் என்று பேர் வைக்க எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. இன்று தெரிகிறது.

பதினோரு மாதம் நான் சபையில் பாடவில்லை. கடைசி பெஞ்சில் உட்காருவேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். பக்கத்தில் இருந்தவர்கள் பாடினார்கள். அந்தப் பாட்டிலேயே என் பங்கும் சேர்ந்து போவதாக விட்டுவிட்டேன். நீங்களும் அப்படி விட்டுவிடுங்கள். கை மடியிலேயே இருக்கட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், அது மட்டும் வேண்டாம்.

பிலிப்பி கடிதத்தின் நாலாவது அதிகாரத்தில் பவுலின் இன்னொரு வார்த்தை இருக்கிறது. எந்த நிலைமையிலும் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். கற்றுக்கொண்டேன் என்ற சொல்லில்தான் எனக்கு உயிர் வந்தது. பிறவியிலேயே வந்ததாகவோ ஒரு ஜெபத்தில் இறங்கியதாகவோ அவர் சொல்லவில்லை. தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்ததும் பழைய பாவின் நுனியோடு புதுப்பாவைப் பிணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றாக. முதல் நாளே யாருக்கும் விரல் படியாது. அறுந்தது அறுந்ததுதான், அதன் நுனியில்தான் முடிச்சுப் போட வேண்டும். உங்கள் வீட்டுக்காரரை மறந்துவிட்டுச் சந்தோஷப்படச் சொல்லி எந்த வசனமும் இல்லை.

ஆபகூக் தீர்க்கதரிசி புத்தகத்தின் கடைசி அதிகாரத்தையும் பையனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, ஒலிவம் பலன் தரவில்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று இழந்ததை எல்லாம் பேர் சொல்லி அடுக்கிய பிறகுதான் அவர், கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். நீங்களும் ஜெபிக்கும்போது, "குடோனில் தறி இல்லாமற்போனாலும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். அந்தக் கடைசி வரி இன்று வாயில் வராவிட்டால் பரவாயில்லை, நிறுத்திவிட்டுப் படுங்கள். வேறொரு நாள் வரும்.

அடுத்த கடிதத்தில், உங்கள் ஷிப்டு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்று எழுதுங்கள். இப்போதெல்லாம் நான் விடிகாலை நாலு மணிக்கே எழுந்துவிடுகிறேன். நீங்கள் தறியைப் போடும் நேரத்துக்கு உங்களையும் பையனையும் நினைத்து ஜெபிக்கிறேன்.