ஃபுளோரன்ஸில் படகு: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் போகலாமா?

இத்தாலியின் ஃபுளோரன்ஸில் ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது, முழங்கால் வலியுள்ள அம்மாவை ஆர்னோ ஆற்றுப் படகில் ஏற்றலாமா, அதுவும் வெனிஸ் கொண்டோலா போன்றதுதானா என்று கேட்டிருந்தீர்கள்.

கொண்டோலா அல்ல. 'ரெனாயோலி' எனப்பட்ட மணல் அள்ளும் தொழிலாளிகள் ஓட்டிய தட்டையான படகு இது. படகோட்டி நின்றபடியே நீண்ட கழியை ஆற்றடியில் ஊன்றித் தள்ளுவார். தடுப்பணைகளுக்கு நடுவே தண்ணீர் குளம்போல் கிடப்பதால் ஆட்டம் குறைவு. அம்மா பயப்பட மாட்டார்.

சிக்கல் படிகளில்தான். சாலை மேலே, ஆறு வெகு கீழே. எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். மழைக்குப் பின் வெள்ளம் ஏறினால் படகு ஓடாது; பணம் திரும்புமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

படி இறங்க முடிந்தால் இந்தப் பயணத்தைத் தவறவிடாதீர்கள். 1345இல் கட்டிய போன்டே வெக்கியோ பாலத்தின் அடியில் போகும்போது நிமிர்ந்து பாருங்கள்: மேலே மினுக்கும் நகைக்கடைகளின் பின்கட்டுகள், மரமுட்டுகள் தாங்க, ஆற்றின்மேல் துருத்திக்கொண்டு நிற்கும். பாலத்தின் மேல் நடப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பக்கத்திலுள்ள சாந்தா திரினிதா பாலம் 1944இல் தகர்க்கப்பட்டது. ஆற்றிலிருந்து மீட்ட கற்களையும் கொண்டு திரும்பக் கட்டினார்கள்.

படி ஒத்துவராவிட்டால், சாந்தா திரினிதா பாலத்தில் நின்றே சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.