மூன்றே வாரத்தில் புளித்தண்ணி ஆகிற ஹேஸி ஐபிஏ பீர்: குற்றவாளி ஈஸ்ட் இல்லை

கேள்வி: அண்ணா, எனக்குச் சொந்த ஊர் பழைய வண்ணாரப்பேட்டை, இப்போது வேலைக்காக இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறேன். வீட்டில் 20 லிட்டர் வாளியில் ஹேஸி ஐபிஏ பீர் போடுகிறேன், அதாவது இந்தியா பேல் ஏலில் கலங்கலான வகை. பாட்டிலில் அடைத்த முதல் வாரம் மாம்பழச் சாறு நிறம், வாசனை ஆளைத் தூக்குகிறது. மூன்றாவது வாரம் புளித்தண்ணி நிறம், பழைய அட்டைப்பெட்டி வாடை. மூன்று தடவையும் இதே கதை. யுஎஸ்-05 ஈஸ்ட்தான் போடுகிறேன், கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவை மூன்று நாள் மூன்று தவணையாகப் போடுகிறேன், அப்புறம் இன்னொரு வாளிக்கு மாற்றி, சர்க்கரை கலந்து பாட்டிலில் ஊற்றுகிறேன். எந்த ஈஸ்ட்டுக்கு மாறலாம்? ஏப்ரலில் ஊருக்கு வரும்போது நம் வீட்டு மாடியில் ஒரு தடவை போட்டுக் காட்டலாமா?

பதில்: மாடி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன் தம்பி. வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு என்றாலும் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம்தான். நீங்கள் இருக்கிற ஊரில் 1963-லிருந்து சொந்தமாகக் குடிக்க லைசென்ஸ் இல்லாமலே போட்டுக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. அங்கேயே போடுங்கள்.

இப்போது ஈஸ்ட். அதை மாற்றினால் பீர் ருசியாகும், ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற நோய்க்கு அது மருந்து இல்லை. உங்கள் பீருக்குள் காற்று போகிறது. ஹாப்ஸ் போட மூன்று முறை மூடியைத் திறக்கிறீர்கள், வாளி மாற்றும்போது சளசளவென்று ஊற்றுகிறீர்கள், சர்க்கரையைக் கலக்குகிறேன் என்று வேறு கிளறுகிறீர்கள். கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுக்கிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான் பாட்டிலுக்குள் நடக்கிறது. எந்த பீரும் காற்று பட்டால் கெடும், ஆனால் ஹேஸியில் ஹாப்ஸிலிருந்து வருகிற பாலிஃபீனால் என்கிற துவர்ப்புப் பொருள் ஏராளம், ஓட்ஸ், கோதுமையிலிருந்து வருகிற புரதமும் ஏராளம், அந்தக் கலங்கலைக் கொடுப்பதே இந்த இரண்டும்தான், அதனால் இது மற்றதைவிட வேகமாகப் பழுப்பாகிவிடும். காசிமேட்டில் விடிகாலை வாங்கிய சங்கராவை ஐஸ் இல்லாமல் பைக்கில் மாட்டிக்கொண்டு பத்து மணி வரை ஊர் சுற்றுவோமா? ஹேஸியும் மீன் மாதிரிதான்.

இதில் ஒரு வேடிக்கை. ஐபிஏவின் தாத்தா, அந்தக் காலத்து பேல் ஏல், இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கப்பலில் வந்தது. அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கை மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டி நம் கடற்கரையில் இறக்குவார்கள். அத்தனை குலுக்கலையும் வெயிலையும் தாங்கத்தான் ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள். அமெரிக்காவில் வெர்மான்ட் பக்கம் பிறந்த இந்தப் பேரனோ அலமாரியில் மூன்று வாரம் தாங்கமாட்டேன் என்கிறான்.

சரி, செய்ய வேண்டியது. ஹாப்ஸை ஒரே தவணையாகப் போடுங்கள், லிட்டருக்கு 8 முதல் 10 கிராம் போதும். நொதித்தல் முடிய, அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டரில் இன்னும் நாலைந்து புள்ளி (0.004, 0.005) இறங்கப் பாக்கி இருக்கும்போதே போட்டுவிட்டால், கூட நுழைகிற ஆக்சிஜனை ஈஸ்ட்டே தின்றுவிடும். மூடியையே திறக்காமல் போட ஒரு வழி இருக்கிறது: ஹாப்ஸ் பையில் சுத்தம் செய்த ஒரு காந்தத்தை வைத்து, வெளியே இன்னொரு காந்தத்தால் வாளியின் மேல் பக்கச் சுவரில் பிடித்து நிறுத்துங்கள், வேளை வந்ததும் வெளிக் காந்தத்தை எடுத்தால் பை தானாக உள்ளே விழும். இரண்டாவது வாளியை மறந்துவிடுங்கள். முதல் வாளிக்கே ஒரு குழாய் வைத்து, அதிலிருந்து பாட்டிலின் அடிவரை போகிற நிரப்பும் குச்சியால் நிரப்புங்கள், அரை லிட்டர் பாட்டிலுக்கு 3 கிராம் சர்க்கரையை முன்னாலேயே போட்டு வையுங்கள், கழுத்தில் காலி இடம் கொஞ்சமாக விடுங்கள். நுரை கட்டியதும் எல்லாம் ஃபிரிட்ஜுக்குள்.

ஒன்று மட்டும் கவனம். ஹாப்ஸிலேயே ஒரு நொதி உண்டு, அது மீந்துபோன மாவுச்சர்க்கரையை உடைத்துக் கொடுக்க, அடங்கியிருந்த ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் வெடிக்கும், வெண்ணெய் வாடையும் வரலாம். ஹாப்ஸ் போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை ஹைட்ரோமீட்டர் பாருங்கள், எண் மாறவில்லை என்றால்தான் பாட்டில்.

இனி ஈஸ்ட். யுஎஸ்-05 மோசம் இல்லை, ஆனால் ஊமை, தன் பங்குக்கு எதுவும் சொல்லாது. உங்களுக்கு என் முதல் சிபாரிசு வெர்டன்ட் ஐபிஏ என்கிற உலர் ஈஸ்ட். ஆப்ரிகாட் மாதிரி ஒரு பழ வாசனை, லேசாக வெனிலா, வாயில் கனமாக நிற்கும். நுரை பயங்கரமாக எழும்பும், வாளியில் மேலே இடம் விடுங்கள், இல்லையென்றால் மூடி வழியாக வழிந்து தரையைத் துடைக்க வேண்டியிருக்கும். லால்ப்ரூ நியூ இங்கிலாந்து பீச் பழ வாசனையோடு அருமையாக வரும், ஆனால் கிளம்ப ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதற்குள் பயந்துபோய் மூடியைத் திறந்து பார்க்கிற ஆளுக்கு அது ஆகாது. நீங்கள் அந்த ஆள்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் கொண்டாடுகிற லண்டன் ஏல் 3 திரவ ஈஸ்ட் நிஜமாகவே நல்லது, ஆனால் தேதி பழசானால் ஸ்டார்ட்டர், அதாவது முன்கூட்டியே கொஞ்சம் மால்ட் கரைசலில் வளர்த்து, பெருக்க வேண்டும், அதற்கு இன்னும் ஒரு வருஷம் கழித்துப் போங்கள். இன்னொன்று, கலங்கல் வேண்டும் என்றால் அடியில் படியாத ஈஸ்ட் வேண்டும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், இந்த லண்டன் ஏல் 3 நன்றாகவே படிகிற ஜாதி.

உங்கள் பீர் ஹைட்ரோமீட்டரில் 1.060-க்கு மேல் ஆரம்பிக்கிறது என்றால் 20 லிட்டருக்கு ஒரு 11 கிராம் பாக்கெட் போதாது, இரண்டு போடுங்கள். 19 டிகிரியில் ஆரம்பித்து, கடைசியில் 21, 22 வரை ஏறவிடுங்கள். ராத்திரி ஹீட்டரை அணைக்கிற வழக்கம் இருந்தால் வாளியைக் கம்பளியால் சுற்றுங்கள், பாதியில் குளிர்ந்தால் ஈஸ்ட் படுத்துவிடும். நார்வே நாட்டு க்வைக் ஈஸ்ட் ஒன்று இருக்கிறது, வாஸ் என்று பெயர், 35 முதல் 40 டிகிரியில்தான் அதற்குக் குஷி, ஆரஞ்சு வாசனை கொடுக்கும். நம் அக்னி நட்சத்திரத்துக்கென்றே பிறந்த மாதிரி, ஆனால் சட்டம் விடாத ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

இதெல்லாம் புத்தகத்தைப் படித்துச் சொல்வதில்லை. பெங்களூரில் ஒரு மைக்ரோ பிரூவரியில் வேலை பார்த்தபோது, குழாய் இணைப்பில் ஒரு வாஷர் சரியாக உட்காராமல் காற்றிழுத்து, ஒரு டேங்க் முழுக்கப் பழுப்பாகிப் போனது, நாங்களும் முதல் இரண்டு நாள் ஈஸ்ட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த முறை பாதி அளவு, 10 லிட்டர் மட்டும் போட்டு, மூன்று வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். இப்போது கைவசம் இருக்கிற பழுப்பு பாட்டில்களைக் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, மனசுதான் வலிக்கும். மீன் பொரிக்க மாவு கரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் ஊற்றுங்கள், கசப்பு கொஞ்சம் தெரியும், மிளகாய்த்தூள் ஒரு கரண்டி கூடப் போட்டால் அடங்கிவிடும்.