மாடித்தோட்டத்துக்கு யூரியா போட்டா பாவமா? வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, மொட்டைமாடியில இருபது பை வச்சு தக்காளி, மிளகா, கத்திரி போட்டிருக்கேன். இயற்கை உரம் மட்டும்தான்னு ஒரு வருஷமா பிடிவாதமா இருக்கேன். பக்கத்து வீட்டு அண்ணன் உரக்கடையில 19:19:19 (தழை, மணி, சாம்பல்னு மூணு சத்தும் சமமா கலந்த உரம்) வாங்கி தண்ணில கரைச்சு ஊத்துறாரு, அவர் செடி தளதளன்னு நிக்குது, என்னோடது வெளிறிப்போய் நிக்குது. யூரியா மாதிரி உரம் போட்டா காயெல்லாம் விஷமாயிடுமா?
- வாசகி, திருச்சி

பதில்: விஷமெல்லாம் ஆகாதும்மா, அந்த பயத்த முதல்ல விட்டுடுங்க. செடி வேர் வழியா எடுத்துக்குற தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பெரும்பாலும் நைட்ரேட்டாவோ அம்மோனியமாவோதான் உள்ள போகுது, அது சாணியிலேருந்து வந்துச்சா மூட்டையிலேருந்து வந்துச்சான்னு வேருக்கு தெரியாது. வித்தியாசம் செடியில இல்ல, மண்ணுல இருக்கு. மண்புழு உரமோ புண்ணாக்கோ போட்டா அத மண்ணுல இருக்குற நுண்ணுயிர் தின்னு செரிச்சு கொஞ்சங்கொஞ்சமா விட்டாத்தான் செடிக்கு கிடைக்கும், அதனால லேட்டாகும், ஆனா மண்ணு பொலபொலன்னு ஆகும், ஈரம் பிடிச்சு வைக்கும். கடை உரம் கரைஞ்ச உடனே வேருக்கு போயிடும், மண்ணுக்குன்னு அது எதுவும் செய்யாது.

இப்ப கணக்கு பாருங்க. யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து. நல்ல மண்புழு உரத்துல ஒன்றரை சதவீதம் இருந்தாலே பெரிசு. அப்ப ஒரு கிலோ மண்புழு உரத்துல இருக்குற தழைச்சத்து முப்பது கிராம் சொச்சம் யூரியாவுல அடங்கிடுது, அதுவும் அந்த ஒரு கிலோ உரத்துல இருக்குறது ஒரே வாரத்துல வெளிய வராது. நிறைய பேர் மாசம் ஒரு கைப்பிடி போட்டுட்டு "இயற்கை உரம் வேலை செய்யல"ன்னு சொல்றாங்க, வேலை செய்யாம இல்ல, பத்தல, அவ்ளோதான். அதுவும் பையில பாதி தேங்காநார் கழிவா இருந்தா கேக்கவே வேணாம், அதுல தழைச்சத்து இல்லவே இல்லன்னு சொல்லிடலாம்.

எந்த இலை வெளிறுதுன்னு நீங்க எழுதல. அடி இலையிலேருந்து முழுசா மஞ்சளாயி மேல ஏறுதுன்னா தழைச்சத்து குறை. அடி இலையில நரம்பு மட்டும் பச்சையா நின்னு நடுவுல மஞ்சளாச்சுன்னா மெக்னீசியம். அதே மாதிரி நுனிக் கொழுந்துல வந்தா இரும்புச்சத்து. முதல் வகைன்னா, மேல் மண்ண ஒரு அங்குலம் கிளறிவிட்டு பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ ரெண்டு கை மண்புழு உரம் போடுங்க, நடுவுல 100 கிராம் கடலைப் புண்ணாக்க ஒரு லிட்டர் தண்ணில மூணு நாள் ஊறப்போட்டு, அதோட பத்து மடங்கு தண்ணி சேத்து ஊத்துங்க. அதுவரைக்கும் செடி தாங்காது போல இருந்தா 19:19:19ஐ லிட்டருக்கு 2 கிராம், ஈர மண்ணுல, வாரம் ஒருதடவ, ஒரு மூணு வாரம் குடுத்து தேத்திவிடுங்க. இதுல நீங்க தோத்துப்போனதா நினைக்க எதுவுமே இல்ல.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கண்ணளவு வேணாம். எட்டு வருஷத்துக்கு முன்னாடி மே மாசம், காஞ்சு கிடந்த மிளகா பையில ஒரு பெரிய ஸ்பூன் யூரியா தூவி கொஞ்சமா தண்ணி விட்டேன். மறுநாள் காலைல போய் பாத்தா இலை ஓரமெல்லாம் அடுப்புல காட்டின மாதிரி பழுப்பா சுருண்டு கிடக்கு, நாலு நாள்ல செடியே போச்சு, காய்ப்புக்கு வந்த செடி, இன்னிக்கும் அத நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு. உப்பு கூடிட்டா வேருக்குள்ள தண்ணி போறதுக்கு பதிலா வேர்ல இருக்குற தண்ணி வெளிய வந்துடும். வயல்ல வேர் தப்பிச்சு வேற பக்கம் போகும், பைக்குள்ள அது எங்க போகும்? பை ஓரத்துல வெள்ளையா பொடி பூத்திருந்தா அது உப்புதான், உரத்த நிறுத்திட்டு அடியில நல்லா வடியுற அளவுக்கு ரெண்டு மூணு தடவ வெறும் தண்ணி விடுங்க.

கேள்வி: பச்சை சாணிய அப்படியே தொட்டியில போடலாமாக்கா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: வேணாம் தம்பி. அது பைக்குள்ள மக்கும்போது சூடு கிளம்பும், அம்மோனியா வரும், வேர் வெந்துடும், கூடவே வண்டுப்புழுவும் வரும். கீரைக்கு சுத்தமா வேணாம், அதுல இருக்குற கிருமி நேரா தட்டுக்கு வந்துடும். கையில அள்ளினா காபித்தூள் மாதிரி உதிரணும், சாணி வாடையே இருக்கக்கூடாது, அதுதான் மக்கின எரு.

கேள்வி: வணக்கம் அக்கா. பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம்னு வீட்டுலயே புளிக்கவச்சு செய்யுற மூணு கரைசலையும் வாரம் மாத்தி மாத்தி குடுக்குறேன். தக்காளி ஆள் உயரம் போயிடுச்சு, இலை கரும்பச்சையா பளபளன்னு இருக்கு, ஆனா பூவே இல்ல, வர்ற ஒண்ணு ரெண்டும் கொட்டுது. எல்லாமே இயற்கைதானே, எப்படி தப்பாகும்?
- வாசகர், கோவை

பதில்: இயற்கைன்னா அளவு தேவையில்லன்னு நம்ம மனசுல ஒரு நினைப்பு உக்காந்திருக்கு தம்பி, அதுதான் இங்க பிரச்சினை. கரும்பச்சை இலை, கொழுத்த தண்டு, பூ இல்ல, இது தழைச்சத்து கூடிப்போச்சுன்னு செடியே சொல்றது. மீன் அமிலத்துல தழைச்சத்து தூக்கல், அத ஒரு மாசம் தொடாதீங்க. பஞ்சகவ்யம் 3 சதவீதம் போதும், பத்து லிட்டருக்கு 300 மில்லி, பதினஞ்சு நாளைக்கு ஒருதடவ. சாம்பல்சத்துக்கு (பொட்டாசியம்) விறகுச் சாம்பல் பைக்கு ஒரு ஸ்பூன், அதுக்கு மேல போனா மண்ணு காரத்தன்மை ஆயிடும்.

இன்னொண்ணு, நீங்க எந்த மாசம்னு சொல்லல. பகல்ல 35 டிகிரிய தாண்டி ராத்திரியும் புழுக்கமா இருந்தா தக்காளி பூ தானாவே கொட்டும், அதுக்கு எந்த உரமும் மருந்தில்ல, நிழல்வலை கட்டுங்க. உங்க மீன் அமிலத்த ஒருதடவ மோந்தும் பாருங்க, நல்லா ஆனதுல பழ வாசம் வரும், அழுகின நாத்தம் அடிச்சா வெல்லம் குறைஞ்சு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், கீழ ஊத்திடுங்க.

கேள்வி: அக்கா, 2021ல எங்கட நாட்டில இரசாயனப் பசளைய ஒரேயடியா நிப்பாட்டினவை, நெல்லு படுத்திட்டுது. இப்ப சேதனப் பசளை (இயற்கை உரம்) எண்டு வாயெடுத்தாலே சனம் கோவப்படுது. சேதனப் பசளை உண்மையிலயே சரிவராதோ?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்க ஊர் விவசாயிங்க பட்ட பாட்டுக்கு அந்த கோவம் நியாயமானதுதான் தம்பி. ஆனா தப்பு சேதனப் பசளையில இல்ல, நாடு முழுக்க ஒரே போகத்துல மாத்தினதுல இருக்கு. இறக்குமதிய நிறுத்துனாங்க, அதுக்கு பதிலா போடுறதுக்கு கையில எதுவும் இல்ல, அந்த வருஷம் நவம்பர்லயே முடிவ திருப்பிக்க வேண்டியதாப்போச்சு. மேல சொன்ன அதே கணக்குதான். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 50 கிலோ தழைச்சத்து வேணும்னு வச்சுக்கோங்க, யூரியான்னா 110 கிலோ, ரெண்டு மூட்டை சொச்சம். அரை சதவீதம் தழைச்சத்து இருக்குற தொழு உரம்னா 10 டன்! அத்தனை சாணிக்கு அத்தனை மாடு எங்க? தக்கைப்பூண்டு மாதிரி பசுந்தாள் உரச்செடி விதைச்சு மடக்கி உழணும், வயல் தண்ணில மிதக்குற அசோலா பெரணி விடணும், மண்ணு தேறணும், இதெல்லாம் பல வருஷ வேலை, அதுவரைக்கும் மூட்டைய பாதியா, கால்வாசியா படிப்படியா குறைச்சுட்டு வரணும்.

அதேசமயம் பழையபடி அள்ளிக் கொட்டவும் கூடாது, முக்கியமா உங்க ஊர்ல. யாழ்ப்பாணத்துல அடியில இருக்குறது சுண்ணாம்புக்கல்லு, மேல போட்டது சடசடன்னு கிணத்துக்கு இறங்கிடும், கிணத்துத் தண்ணில நைட்ரேட் கூடுதுன்னு ரொம்ப வருஷமாவே சொல்லிட்டு வர்றாங்க, அதுல மலக்குழிக்கும் பங்கு உண்டு, உரத்துக்கும் பங்கு உண்டு. லிட்டருக்கு 50 மில்லிகிராம தாண்டின தண்ணில பால்மா கரைச்சா கைக்குழந்தைக்கு ஆபத்து, ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சு உடம்பு நீலம் பாரிச்சுடும். எந்த பசளையா இருந்தாலும் ஒரே தடவையில கொட்டாம மூணு நாலு தடவையா பிரிச்சு போடுங்க, பெருமழை வர்ற நாள்ல போடாதீங்க, வீட்டுல கைக்குழந்தை இருந்தா கிணத்துத் தண்ணிய ஒருக்கா டெஸ்ட் பண்ணிடுங்க.

கேள்வி: மிளகா இலை சுருட்டிக்கிட்டே இருக்கு. என்ன உரம் போடணும்?
- வாசகி, மதுரை

பதில்: உரம் எதுவும் போடாதீங்கம்மா, இது பூச்சி. இலை மேல்பக்கமா படகு மாதிரி சுருண்டா இலைப்பேன், கீழ்ப்பக்கமா கவுந்தா சிலந்தி (வலை பின்னுற சிலந்தி இல்ல, சிலந்திப்பேன்). ஒரு வெள்ளை பேப்பர கீழ பிடிச்சு கொழுந்த தட்டுங்க, பொடிப்பொடியா மஞ்சளா ஓடுனா இலைப்பேன்தான், சிலந்தி கண்ணுக்கு லேசுல தெரியாது, லென்ஸ் வச்சு பாக்கணும். இந்த நேரத்துல தழைச்சத்து போட்டா கொழுந்து இன்னும் இளசாகி பூச்சிக்கு விருந்தாயிடும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைசல் கலந்து வாரம் ஒருதடவ அடிங்க. வெயில் தாழ்ந்தப்புறம் அடிக்கணும், இலையோட அடிப்பக்கம் நல்லா நனையணும்.