வாசகர் கேட்டவை: ஈயத்தில் ஓர் ஊக்கு

கேள்வி: இங்கிலாந்தின் சட்டன் ஹூ என்ற பழைய புதைமேட்டில் தங்கமாய்க் கொட்டிக் கிடக்க, நீங்கள் எப்போது பார்த்தாலும் ‘அந்தக் கால வேல்ஸ்’ என்கிறீர்களே, அங்கே அப்படி என்னதான் கிடைத்தது?

பதில்: குப்பை கிடைத்தது. கேலி இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

வேல்ஸ் தலைநகர் கார்டிஃபுக்குத் தென்மேற்கே டினாஸ் பொவிஸ் என்றொரு சின்னக் குன்றுக்கோட்டை. தொல்லியலாளர் லெஸ்லி ஆல்காக் 1954 முதல் 1958 வரை அங்கே அகழ்ந்தார். 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை ஏதோ ஒரு சிற்றரசன் குடும்பம் அங்கே வாழ்ந்திருக்கிறது. தின்று போட்ட எலும்புகள், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த ஜாடிகளின் ஓடுகள், உடைந்த கண்ணாடிக் கோப்பைகள், உலோகம் உருக்கிய மூசைகளின் துண்டுகள். இவற்றோடு ஓர் ஈய ஊக்கு.

ஊக்கு என்றால் சேலைக்குக் குத்துவது அல்ல. ஓரிடத்தில் வாய் பிளந்த வளையம், அதில் சுழலும் நீண்ட ஊசி. போர்வையைக் கொசுவிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். வளையத்தின் பிளவு வழியாக ஊசி முனையை வெளியே எடுத்து, வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், நழுவாது. செம்புக் கம்பியை வளைத்து நானும் ஒன்று செய்தேன். மனைவியின் கம்பளிச் சால்வையில் இரண்டு ஓட்டை விழுந்தது. அந்தக் கதை வேண்டாம்.

சரி, ஈயத்துக்கு வருவோம். ஈய ஊக்கை யாரும் அணிய மாட்டார்கள், வளைந்துவிடும். அது கொல்லரின் மாதிரி. களிமண்ணில் அழுத்தி அச்சு எடுத்துவிட்டு, மாதிரியைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார். காய்ந்து சுட்ட அச்சில் வெண்கலம் ஊற்றினால் ஊக்கு. அச்சை உடைத்தாலும் கவலையில்லை; மாதிரி இருக்கிறதே, அடுத்ததற்கு ஆகும். தங்கப் புதையலில் உரிமையாளர்தான் தெரிவார். இதில் கொல்லரின் கை தெரிகிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

அந்தக் கைக்கு மதிப்பும் இருந்தது. பின்னாளில், பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹவெல் தா பெயரில் வழங்கும் வேல்ஸ் சட்டங்களில் ஒரு விதி உண்டு: பண்ணையாளின் மகன் தலைவனின் அனுமதி இல்லாமல் மூன்று கலைகளைக் கற்கக்கூடாது. ஏட்டுக்கல்வி, கவிபாடுதல், அப்புறம் கொல்லுத்தொழில்.