அப்பப்பாவின் நெஞ்சில் மூளைக்காய்ச்சல் கிருமியா?

கேள்வி: டொக்டர், என் அப்பப்பாவுக்கு 76 வயது. காய்ச்சல், இருமல், மூச்செடுத்தால் நெஞ்சில் குத்து. நியூமோனியா என்று ஆஸ்பத்திரியில் மறித்தார்கள். பிறகு இரத்தத்தில் மெனிங்கோகொக்கஸ் வந்திருக்கிறது என்றார்கள். அது மூளைக்காய்ச்சல் கிருமியாமே! அவருக்குத் தலையிடி இல்லை, கழுத்து விறைக்கவில்லை, உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. ரிப்போர்ட் மாறியிருக்குமா? எங்களுக்கும் குளிசை தந்தார்கள். அப்பப்பா சுகமாகி வந்துவிட்டார். ஆனால் அயலவர்கள் படலைக்குள் காலெடுத்து வைப்பதில்லை.
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: ரிப்போர்ட் மாறியதாக எனக்குப் படவில்லை. சளியில் மட்டும் கண்டிருந்தால் யோசித்திருப்பேன். ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவரின் தொண்டையில் இந்தக் கிருமி தொந்தரவில்லாமல் இருக்கும். துப்பும் சளியோடு அதுவும் வரும். இரத்தத்தில் வளர்ந்தால் அது நோய்தான்.

இது மூளையுறைக்குத்தான் போகும் என்றில்லை. வயதானவர்களில் தொண்டையிலிருந்து நுரையீரலுக்குள்ளும் இறங்கிவிடும், முக்கியமாக ஒய், டபிள்யூ வகைகள். அப்போது கழுத்து விறைக்காது, புள்ளியும் பெரும்பாலும் வராது, எக்ஸ்ரேயும் மற்ற நியூமோனியா போலவே இருக்கும். 1918 இன்ஃபுளுவென்சா காலத்திலேயே மருத்துவர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள்.

வன்னியில் வயல் செய்யும் ஒருவர் காய்ச்சலோடு வந்தால் எங்களுக்கு முதலில் எலிக்காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். அதோடு நிற்காமல் இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று சோதித்துப் பார்த்த அந்த வார்ட் டொக்டரை மனமார மெச்சுகிறேன். நியூமோனியாவுக்கு ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியையும் கொல்லும். பரிசோதிக்காமல் விட்டிருந்தாலும் அப்பப்பா சுகமாகியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் குளிசை கிடைத்திராது.

அந்தக் குளிசை உங்கள் தொண்டையில் கிருமி இருந்தால் அதை அழிக்க. சிப்ரோஃபுளொக்சசின் என்றால் ஒரே வேளை. ரிஃபாம்பிசின் என்றால் இரண்டு நாள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படவேண்டாம். குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பவர்கள் மட்டும் டொக்டரிடம் சொல்லவேண்டும், ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும். குளிசை போட்ட பிறகும் யாருக்காவது காய்ச்சலோடு கடும் தலையிடியோ, கண்ணாடிக் கிளாசால் அமத்தியும் மறையாத ஊதாப் புள்ளியோ, ஆளை எழுப்ப முடியாத மயக்கமோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

சரி, அயலவர்கள். சரியான மருந்து ஏறி 24 மணித்தியாலம் கழிந்தால் அவரிடமிருந்து தொற்றாது. முன்னரும்கூட, ஒரே வீட்டில் கிட்ட இருந்து பழகியவர்களுக்குத்தான் கூடிய ஆபத்து. படலையடியில் நின்று கதைத்தவர்களுக்கு அல்ல. உங்கள் பகுதி பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவை ஒருமுறை வந்து இதை அயலில் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் சனம் கேட்கும்.