கராஜ் பதில்கள்: வெள்ளிக்கிழமை மட்டும் ஓடும் கார்

கேள்வி: மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற கார் என்னிடம் இருக்கிறது. முன்னுக்கு டிஸ்க் பிரேக், பின்னுக்கு டிரம். வீடு கடலுக்குக் கிட்ட. வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போவதோடு சரி. இந்த மாரி முழுக்க முற்றத்தில்தான் நின்றது. போன வாரம் எடுத்தபோது முதலில் அசையவில்லை, பிறகு ‘டொக்’ என்ற சத்தத்தோடு நகர்ந்தது. பிரேக் பிடித்தால் கரகரக்கிறது, இடப்பக்கம் இழுக்கிறது. சித்திரை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு நுவரெலியா போக இருக்கிறோம். பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி

பதில்: முழுவதும் மாற்றத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன், ரீச்சர். ஆனால் கழற்றிப் பார்க்காமல் அந்தக் காரை மலைநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கரகரப்பு சின்ன விஷயம். டிஸ்க் என்பது சில்லோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு, நம்முடைய உப்புக்காற்றில் ஒரே இரவில் துரு படரும். பத்துப் பதினைந்து தடவை பிரேக் மிதித்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாட் அதைத் தேய்த்து எடுத்துவிடும். அதற்குப் பிறகும் சத்தம் நிற்காவிட்டால் டிஸ்க்கில் துரு குழி விழுத்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

‘டொக்’ சத்தம் ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தியதால் வந்தது. வாரக்கணக்கில் நின்றால் பின்சில்லின் டிரம்முக்குள் இருந்து அழுத்திப் பிடிக்கும் சூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். 2020 ஊரடங்கு முடிந்து என் கராஜுக்கு வந்த காரொன்றில், சூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், சூவை விட்டுக் கழன்று டிரம்மிலேயே ஒட்டிக்கிடந்தது. உங்கள் முற்றம் சமதரை என்றால் ஹாண்ட் பிரேக் வேண்டாம். கியரில் விட்டு, ஓட்டோ என்றால் ‘பி’யில் போட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள்.

எனக்குக் கவலை அந்த இழுப்பில்தான். பாட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கலிப்பர் இரண்டு பின்களில் (சிறு கம்பிகளில்) வழுக்கி நகர வேண்டும். பின் துருப்பிடித்து இறுகினால் அந்தப் பக்கம் சரியாகப் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. இடப்பக்கம் இழுத்தால் பழுதும் இடப்பக்கம் என்று எல்லோரும் நினைப்பார்கள். வலது பிரேக் பிடிக்காமல் இடது மட்டும் பிடித்தாலும் அப்படித்தான் இழுக்கும். விடியற்காலை வீதி வெறுமையாக இருக்கும்போது அலஸ்தோட்டப் பக்கம் மெதுவாக ஒரு சுற்றுப் போய்வந்து, முன்சில்லு இரண்டுக்கும் கிட்ட உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எது சூடு, எது குளிர் என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பின்களுக்கு பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கோன் கிறீஸ்தான் பூச வேண்டும். எஞ்சின் ஒயில் பூசினால் இறப்பர் உப்பிப்போகும்.

அப்புறம் பிரேக் ஒயில், மிதியின் அழுத்தத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் திரவம். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டொட் 3 (DOT 3) ரக பிரேக் ஒயில் 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடும். திருகோணமலையின் சமதரையில் ஓடும்வரை இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக, பிள்ளைகளும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு, காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கிப் பாருங்கள்: ஒயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும், மிதி தரைவரை போகும், கார் நிற்காது. மகன் போனபிறகு ஒயில் மாற்றவில்லை என்றால் இப்போதே மாற்றுங்கள், இனி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இறக்கத்தில் சின்னக் கியரில் வாருங்கள்.

வெள்ளிக்கிழமைப் பயணத்தை விடாதீர்கள், கோயிலால் வரும்போது இருபது நிமிஷமாவது ஓடட்டும். காரைக் கழுவினால் ஒரு சுற்று ஓடி, நாலைந்து தடவை பிரேக் மிதித்து ஈரத்தைக் காயவைத்த பிறகு நிறுத்துங்கள்.

பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கராஜில் விடுங்கள். கலிப்பர் மாற்ற வேண்டி வந்தால் சாமான் கொழும்பிலிருந்து வர நாள் எடுக்கும்.